கடைக்கு இரண்டு லைன்: எது எதில் போகும் என்று சொல்வது எப்படி? எஸ்டி-வான் விதிகளுக்கு ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடை கடையாக ஏறி நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, ஃபைபருக்கும் மாசாமாசம் காசு கட்டுறேன், எல்டிஇ-க்கும் கட்டுறேன். அப்புறமும் போன்ல பேசினா ஏன் பாதி வார்த்தையை முழுங்குது?" ஊரிலிருந்து வந்து கடை வைத்தவர் தமிழில் கேட்பார். நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருப்பவர் ஆங்கிலத்தில் கேட்பார், ஆனால் அந்தத் "தம்பி" மட்டும் மாறாது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "லைன் ரெண்டு இருக்குண்ணே. எது எதுல போகணும்னு பெட்டிக்கு யாரும் சொல்லலை."

அதைச் சொல்லும் இடத்துக்குப் பெயர்தான் எஸ்டி-வான் விதி. எஸ்டி-வான் என்பது பல லைன்களை மென்பொருளால் ஆளும் முறை, பெட்டி என்பது அந்த வேலையைச் செய்யும் கருவி.

சாதாரண ரவுட்டர் ஒரு பாக்கெட்டை, அதாவது லைனில் போகும் ஒரு சிறு தரவுத் துண்டை, கையில் எடுத்ததும் பார்ப்பது ஒன்றே ஒன்று: இது எந்த முகவரிக்குப் போகிறது? அந்த முகவரிக்கு எந்த வழி என்று தன் அட்டவணையில் தேடும், அனுப்பிவிடும். பாக்கெட்டுக்குள் இருப்பது ஒருவரின் குரலா, கேமரா படமா, பையன் பார்க்கும் யூடியூப்பா என்ற கவலை அதற்கு இல்லை. ஃபைபர் முழுதாகச் செத்தால், செல் கோபுரம் வழியாக வரும் எல்டிஇ-க்கு மாறத் தெரியும். ஃபைபர் பாதி செத்துக் கிடந்தால், அதாவது விளக்கு பச்சையாகவே இருக்க நூற்றுக்கு ஆறு பாக்கெட் காணாமல் போய்க்கொண்டிருந்தால், அது தெரியாது. போனில் பாதி வார்த்தையை முழுங்குவது பெரும்பாலும் இந்தப் பாதிச் சாவுதான்.

முன்பெல்லாம் கிளைகள் உள்ள நிறுவனங்கள் இதற்குத் தீர்வாக எம்பிஎல்எஸ் என்ற தனி வலையமைப்பு லைன் வாங்கும். தரத்துக்குத் தொலைத்தொடர்பு நிறுவனம் பொறுப்பு, விலையும் அதற்கேற்ப இருக்கும். 2010-களின் நடுவிலிருந்து பரவலான எஸ்டி-வான் அந்தக் கணக்கை மாற்றியது. சாதாரண இணைய லைன்கள் இரண்டு மூன்றை வாங்கு, அவற்றின் மேல் குறியாக்கம் செய்த சுரங்கங்களை (வெளியார் படிக்க முடியாத தனிப் பாதைகளை) கட்டு, ஒவ்வொரு லைனையும் விடாமல் அளந்துகொண்டே இரு, எந்தப் போக்குவரத்து எதில் போக வேண்டும் என்பதை மென்பொருள் விதியாக எழுது. அவ்வளவுதான் சங்கதி. பெட்டி செய்யும் நிறுவனங்களில், இதையே ஃபோர்ட்டினெட் எஸ்டி-வான் ரூல் என்கிறது, வெலோகிளவுட் பிசினஸ் பாலிசி என்கிறது, சிஸ்கோ அப்ளிகேஷன் அவேர் ரூட்டிங் என்கிறது. திரையும் பொத்தானும் வேறு, உள்ளே ஓடுவது ஏறக்குறைய ஒன்று.

கைக்கு அடக்கமாக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். டர்பன் நகருக்குள் தலைமைக் கடை: அரிசி, பருப்பு, மசாலா, கற்பூரம், சாம்பிராணி என்று மொத்த வியாபாரம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என மூன்று கிளைகள். பில் போடும் சர்வரும் போன் எக்ஸ்சேஞ்சும் தலைமைக் கடையில் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஃபைபர், ஒரு எல்டிஇ. இரண்டிலிருந்தும் தலைமைக் கடைக்கு ஆளுக்கொரு சுரங்கம். கிளையிலிருந்து கிளம்புபவை: பில், அட்டை மெஷின், போன் அழைப்பு, சென்னையில் சரக்கு அனுப்புபவருடன் டீம்ஸில் பேச்சு, எட்டு கேமராக்களின் படம், விண்டோஸ் அப்டேட், கடைப் பையன்களின் செல்போன். இங்கே புரட்டாசி விரதம் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த மாதத்தில் கூட்டம் நெரியும்போது பில் மெஷின் சுற்றிக்கொண்டே நின்றால் கல்லாவில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு விதிக்குள் இரண்டு பாதிகள். முதல் பாதி: இது யாருடைய போக்குவரத்து? இரண்டாம் பாதி: இதை எந்த லைனில் விடுவது? புதிதாகக் கற்பவர்கள் இரண்டாம் பாதியில்தான் மணிக்கணக்கில் உட்காருவார்கள், அங்கேதான் விதவிதமான தேர்வுகள் இருக்கின்றன என்பதால். ஆனால் விதி எதிர்பார்த்தபடி ஓடாதபோது, கோளாறு பெரும்பாலும் முதல் பாதியில் இருக்கும். ஆளை அடையாளம் தெரியாமல் வழி சொல்லி என்ன பயன்? அதனால் முதல் பாதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அடையாளம் காண்பதற்கு மிகப் பழைய, மிக நம்பகமான வழி பாக்கெட்டின் தலைப்பில் எழுதியிருப்பதைப் படிப்பது. புறப்பட்ட முகவரி, சேரும் முகவரி, இரண்டு பக்கத்துப் போர்ட் எண்கள், டிசிபியா யுடிபியா என்ற நெறிமுறை என ஐந்து விவரங்கள். இவை முதல் பாக்கெட்டிலேயே கண்ணுக்குத் தெரியும், ஊகம் எதுவும் வேண்டாம். நம் கடைக்குள் நாமே ராஜா என்பதால் இதை நமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளலாம். போன்களை எல்லாம் ஒரு தனி விலானில் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனி அறை மாதிரி) போட்டு 10.20.30.0 வரிசையில் முகவரி கொடுங்கள், கேமராக்களுக்கு 10.20.40.0, பில் மெஷின்களுக்கு 10.20.10.0. இனி "10.20.30-லிருந்து வருவது எல்லாம் போன்" என்று ஒரே வரியில் விதி எழுதலாம். எந்த ஆப் கண்டறியும் நுட்பமும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. விலான் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் கொட்டிவிட்டு, பிறகு விலை கூடிய பெட்டி வாங்கி அதைப் பிரித்துக் காட்டச் சொல்வது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

போன்கள் தங்கள் குரல் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி என்ற ஒரு சிறு குறியையும் போட்டு அனுப்பும், வழக்கமாக 46. அதைப் பார்த்தும் விதி எழுதலாம். ஆனால் எந்தக் கணினியும் அந்த எண்ணைத் தன் பாக்கெட்டில் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் சுவிட்ச் வேண்டாத குறிகளை அழிக்கும்படி அமைத்திருந்தால் மட்டும் நம்புங்கள்.

அடுத்தது, கடைக்கு வெளியே இருக்கும் பெரிய சேவைகள். டீம்ஸுக்கு நூற்றுக்கணக்கான முகவரிகள், அவை மாறிக்கொண்டும் இருக்கும். கையால் எழுதித் தீராது. நல்லவேளையாக மைக்ரோசாஃப்ட் தன் முகவரிப் பட்டியலைத் தானே வெளியிடுகிறது, டீம்ஸின் குரலும் படமும் யுடிபி 3478 முதல் 3481 வரையான போர்ட்டுகளில் போகும் என்பது உட்பட. எஸ்டி-வான் பெட்டி செய்பவர்கள் இப்படிப்பட்ட பட்டியல்களைத் திரட்டி, அடிக்கடி புதுப்பித்துத் தருகிறார்கள். விதியில் "மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்" என்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்ளே நடப்பது முகவரிப் பொருத்தம்தான், ஆகவே இதுவும் முதல் பாக்கெட்டிலேயே பிடிபடும்.

சிக்கல் தொடங்குவது மூன்றாவது வழியில். ஆப் கண்டறிதல் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்களே, அது. பெட்டி பாக்கெட்டின் உள்ளே எட்டிப் பார்த்து, இது யூடியூப், இது வாட்ஸாப் என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு டிசிபி இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்று யோசியுங்கள். முதல் பாக்கெட்டில் "பேசலாமா?" மட்டும்தான் இருக்கும். மறுமுனை "பேசலாம்" என்கிறது, நம் பக்கம் "சரி" என்கிறது. இந்த மூன்று பாக்கெட்டும் கடந்த பிறகு, குறியாக்கம் தொடங்கும்போதுதான் எந்தத் தளத்தின் பெயரைத் தேடி வந்திருக்கிறோம் என்று வெளிவரும். லைனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதோ முதல் பாக்கெட்டில். ஆள் யார் என்று தெரியும்போது வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டிருக்கும்.

பெட்டிகள் இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. முதல் இணைப்பு ஏதோ ஒரு லைனில் போகட்டும், அதில் தெரிந்துகொண்டதை "இந்த முகவரி, இந்தப் போர்ட் என்றால் இன்ன ஆப்" என்று நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே முகவரிக்கு இணைப்பு வந்தால் முதல் பாக்கெட்டிலேயே சரியான லைன். ஆகவே ஆப் விதி எழுதிச் சோதிக்கும்போது, முதல் முறை தப்பான லைனில் போய் இரண்டாம் முறை சரியாகப் போனால் பதறாதீர்கள். பதற வேண்டியது வேறொரு சந்தர்ப்பத்தில். பல தளங்களின் பக்கங்களைத் தாங்கள் பரிமாறும் பெரிய சிடிஎன் நிறுவனங்களின் ஒரே முகவரியில் ஆயிரம் தளங்கள் இருக்கும். நேற்று அங்கே ஒரு வீடியோத் தளம் என்று பெட்டி குறித்துவைத்தது, இன்று அதே முகவரிக்கு உங்கள் கணக்கு மென்பொருள் போகிறது. அது வீடியோ விதியில் மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, தளத்தின் பெயரையும் மறைத்து அனுப்பும் முறைகள் உலாவிகளில் வந்துகொண்டிருக்கின்றன. ஆப் கண்டறிதலைப் பொழுதுபோக்குப் போக்குவரத்தை ஓரங்கட்ட வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவை அதை நம்பி விடாதீர்கள்.

விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவது எதுவோ அதுவே செல்லும். "கிளையிலிருந்து எங்கே போனாலும் ஃபைபர்" என்ற அகலமான விதியை மேலே வைத்துவிட்டால், அதற்குக் கீழே எவ்வளவு நுணுக்கமாகப் போனுக்கு எழுதியிருந்தாலும் அது வாழ்நாளில் ஒரு பாக்கெட்டையும் பார்க்காது. குறுகலானது மேலே, அகலமானது கீழே. எதிலும் பொருந்தாததற்கு அடியில் தானாகவே ஒரு இயல்பு விதி இருக்கும், அது ரவுட்டர் அட்டவணைப்படி லைன்களுக்கு இடையே பிரித்து அனுப்பும். இன்னொன்று: பல பெட்டிகளில் விதி ஒரு லைனைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த லைன் வழியாகச் சேருமிடத்துக்கு ரவுட்டர் அட்டவணையில் ஒரு பாதை இருந்தால்தான் அது செல்லுபடியாகும். பாதை இல்லையென்றால் விதி ஓசைப்படாமல் தாண்டப்படும். "விதி சரியாத்தானே இருக்கு, ஏன் போகலை?" என்று மண்டையை உடைப்பதற்கு முன் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது இரண்டாம் பாதி.

லைனைத் தேர்ந்தெடுக்கும் முறைகளில் எளியது, நாமே வரிசை சொல்வது: முதலில் ஃபைபர், அது செத்தால் எல்டிஇ. அடுத்தது, இந்த நேரத்தில் எது நல்ல தரமோ அதைப் பெட்டியே எடுப்பது. மூன்றாவது, "இவ்வளவு தரம் இருந்தால் போதும்" என்று ஓர் எல்லை வைத்து, எல்லைக்குள் இருப்பவற்றில் செலவு குறைந்ததை எடுப்பது. நான்காவது, எல்லைக்குள் இருக்கும் லைன்கள் எல்லாவற்றிலும் பங்கிட்டு அனுப்புவது. இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே பிரிகின்றன என்று புரியாமல் பலர் குழம்புவார்கள். பல்லிட்டோவிலிருந்து கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் போக என்2 நெடுஞ்சாலையில் சுங்கம் கட்ட வேண்டும், டொங்காட் ஊருக்குள் போகும் ஆர்102-இல் சுங்கம் இல்லை. எப்போதும் எது வேகமோ அதிலேயே போவேன் என்பது இரண்டாவது முறை. விமானத்தைப் பிடிக்க முடியும் என்றால் ஆர்102 போதும், அதில் நெரிசல் வந்தால்தான் சுங்கம் கட்டுவேன் என்பது மூன்றாவது. ஜிகாபைட்டுக்குக் காசு கொடுக்கும் எல்டிஇ லைன் உள்ள கடைக்கு எது பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த "போதும்" என்ற எல்லையில் மூன்று அளவுகள் உண்டு. தாமதம்: பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட். ஜிட்டர்: அந்தத் தாமதம் எவ்வளவு கூடிக் குறைகிறது. இழப்பு: நூற்றுக்கு எத்தனை காணாமல் போகிறது. குரலுக்கு ஒரு திசையில் 150 மில்லிசெகண்டுக்குள், ஜிட்டர் 30-க்குள், இழப்பு ஒரு சதவீதத்துக்குள் என்பது பொதுவாக எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. இதில் 150 என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரையிலிருந்து வருவது. அது ஒரு திசைக்கான எண், பெட்டி அளப்பது பெரும்பாலும் போய்த் திரும்பும் நேரம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பெட்டி இதை அளப்பது சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி. அரை விநாடிக்கு ஒன்று அனுப்பி, தொடர்ந்து ஐந்துக்குப் பதில் வராவிட்டால் லைன் செத்ததாக எடுத்துக்கொள்வது பரவலான இயல்பு அமைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டரை விநாடி. குரல் அழைப்பில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. அப்படியென்றால் மாறுவதற்குள் 125 பாக்கெட் போய்விடும். பேசுபவர் "ஹலோ? ஹலோ?" என்று இரண்டு முறை சொல்வார், பிறகு குரல் திரும்பிவிடும். இது பொறுத்துக்கொள்ளக்கூடியது.

இழப்பு எல்லையில் மறைந்திருக்கும் ஒரு கண்ணியைச் சொல்ல வேண்டும். இழப்பு சதவீதத்தைப் பெட்டி கடைசியாக அனுப்பிய சில சோதனைகளை வைத்துக் கணக்கிடும். அது 30 என்று வைத்துக்கொள்வோம். முப்பதில் ஒன்று தொலைந்தாலே 3.3 சதவீதம். நீங்கள் எல்லையை 1 என்று வைத்திருந்தால், ஒரே ஒரு பாக்கெட் தவறியதற்கு லைன் தேர்வில் தோற்றுவிடும். அந்தப் பாக்கெட் கணக்கிலிருந்து நழுவும் வரை, அதாவது 15 விநாடிக்கு, போக்குவரத்து எல்டிஇ-க்கு ஓடும், பிறகு திரும்பும். நாள் முழுக்க இப்படி ஊஞ்சல் ஆடும் கடைகள் இருக்கின்றன, பழி ஃபைபர் நிறுவனத்தின் தலையில் விழும். மாதிரி எண்ணிக்கையை 100-க்கு உயர்த்துங்கள், அல்லது எல்லையை 4, 5 என்று வையுங்கள். கூடவே, திரும்பி வருவதைக் கொஞ்சம் தாமதிக்கும் அமைப்பு இருந்தால் போடுங்கள். நல்லது கெட்டதாக மாறினால் உடனே விலக வேண்டும், கெட்டது நல்லதாக மாறினால் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

நடுவழியில் லைன் மாறினால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு என்ன ஆகும்? இது சுரங்கத்தில் போகிறதா, நேராக இணையத்துக்குப் போகிறதா என்பதைப் பொறுத்தது. சுரங்கத்துக்குள் உங்கள் உள் முகவரியே நிற்கும், ஃபைபர்ச் சுரங்கத்திலிருந்து எல்டிஇ சுரங்கத்துக்குத் தாவினாலும் தலைமைக் கடை சர்வருக்கு அதே 10.20.10.5-தான் தெரியும். பில் அறுபடாது. நேரடி இணையத்தில் அப்படி இல்லை. ஃபைபரில் ஒரு பொது முகவரி, எல்டிஇ-யில் வேறொன்று. லைன் மாறினால் மறுமுனைக்கு நீங்கள் வேறு ஆள், இணைப்பு விழும். வங்கித் தளத்தில் பணம் மாற்றிக்கொண்டிருக்கும்போது பாதி இணைப்புகள் ஒரு முகவரியிலிருந்தும் மீதி இன்னொன்றிலிருந்தும் போனால், சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும் தளங்கள் உண்டு. வங்கி, சார்ஸ் வரித் தளம் போன்றவற்றை ஒருபோதும் பங்கிட்டு அனுப்பாதீர்கள். ஒரு லைனில் நிறுத்துங்கள், அது செத்தால் மட்டும் அடுத்தது.

சரி, நம் சாட்ஸ்வொர்த் கிளைக்கு விதிகளை எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும். முதலில் போன் விலானிலிருந்து தலைமைக் கடை எக்ஸ்சேஞ்சுக்கு: குரல் எல்லைக்குள் இருக்கும் சுரங்கம், ஃபைபர் முன்னுரிமை. இரண்டாவது பில் மெஷின்களிலிருந்து சர்வருக்கு: ஃபைபர்ச் சுரங்கம், பிறகு எல்டிஇ சுரங்கம், பாக்கெட் கொஞ்சம் தாமதித்தாலும் பில் தாங்கும் என்பதால் எல்லை தளர்வாக. மூன்றாவது அட்டை மெஷினும் வங்கியும்: நேரடி இணையம், வரிசைப்படி. நான்காவது டீம்ஸ். ஐந்தாவது கேமரா, அப்டேட், பையன்களின் வைஃபை: ஃபைபர் மட்டும்.

அந்த ஐந்தாவதில் கொஞ்சம் நில்லுங்கள். "ஃபைபர் மட்டும்" என்று எழுதிவிட்டால் கேமரா எல்டிஇ பக்கம் போகாது என்று தோன்றும். போகும். ஃபைபர் செத்ததும் அந்த விதியில் உயிருள்ள லைன் எதுவும் இல்லை. பல பெட்டிகள் அப்போது பாக்கெட்டைக் கீழே போடாமல் விதியைத் தாண்டி, அடியிலுள்ள இயல்பு விதிக்குப் போய்விடும். இயல்பு விதி எல்டிஇ-யைக் காட்டும். ஒரு கேமராவுக்கு 2 மெகாபிட் என்றால் எட்டுக்கு 16 மெகாபிட், மணிக்கு 7.2 ஜிகாபைட். ஃபைபர் ஒரு நாள் படுத்தால் மாதத்துக்கு வாங்கிய எல்டிஇ டேட்டா சாயங்காலத்துக்குள் காலி, அதற்கப்புறம் பில்லும் ஓடாது. விதி என்பது வழிகாட்டிதான், கதவு அல்ல. கதவைத் தனியாகப் பூட்ட வேண்டும்: கேமரா விலானிலிருந்து எல்டிஇ லைனுக்குப் போவதை ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்த விதிகளுக்குக் கிடைக்கும் சோதனை வேறு பல ஊர்களில் கிடைக்காது. எதைப் பார்த்து லைனை அளப்பது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கூகுளின் 8.8.8.8-க்குச் சோதனை அனுப்புவார்கள். அந்த ஒரே முகவரி உலகில் பல இடங்களில் இருக்கிறது, பக்கத்திலிருப்பது பதில் சொல்லும். ஆகவே அந்தப் பச்சை விளக்கு சொல்வது "உள்நாட்டுப் பாதை நலம்" என்பதை மட்டும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடற்கரைக்கு அப்பால் வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அதற்கு முன்பே செங்கடலில் சீகாம் கேபிள் அறுபட்டுக் கிடந்தது. மேற்கிலும் அடி, கிழக்கிலும் அடி. தென்னாப்பிரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவைகள்கூட அன்று தடுமாறின. இப்படிப்பட்ட நாளில் உள்நாட்டுச் சோதனை எல்லா லைனும் நலம் என்று சிரித்துக்கொண்டே இருக்கும், வெளிநாட்டுத் தளம் மட்டும் திறக்காது. ஒரு லைனின் நிறுவனம் ஈக்வியானோ கேபிளிலும் இன்னொன்று வாக்ஸிலும் இடம் வாங்கியிருந்தால், வெளிநாட்டுப் போக்குவரத்துக்கு மட்டும் ஒரு லைன் நன்றாகவும் மற்றது கேவலமாகவும் இருக்கும். இதைப் பெட்டி அறிய வேண்டுமென்றால் வெளிநாட்டில் ஓர் இலக்கை வைத்துத் தனியாக அளக்க வேண்டும், அந்த அளவை வெளிநாட்டு விதிக்கு மட்டும் கட்ட வேண்டும்.

எல்லையை வைக்கும்போதும் தூரம் நினைவில் இருக்கட்டும். கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். வாக்ஸ் கேபிளின் நீளம் 14,530 கிலோமீட்டர். அந்த வழியில் லண்டனுக்குப் போய்த் திரும்ப எந்த மந்திரவாதியாலும் 140-க்குக் கீழே கொண்டுவர முடியாது. ஐரோப்பாவில் இருக்கும் சேவைக்கு 100 மில்லிசெகண்ட் என்று எல்லை வைத்தால் எல்லா லைனும் எப்போதும் தோற்கும், விதி இருந்தும் இல்லாத மாதிரி. ஜோகனஸ்பர்க்கில் இருக்கும் சேவைக்கு அதே 100 மிகத் தாராளம். டர்பனிலிருந்து அங்கே போய்வர வழக்கமாகப் பத்துப் பதினைந்துதான், 80-ஐத் தொட்டாலே ஏதோ கோளாறு.

அப்புறம் மின்சாரம். லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் பாடம் கற்காத கடையே இல்லை. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்தது, 2025-இல் இடையிடையே சில நாள் தலைகாட்டியது. ஃபைபருக்கு மாற்றாக எல்டிஇ என்று வைத்திருப்போம். ஆனால் தெருவில் கரண்ட் போனால் ஃபைபர் பெட்டி, செல் கோபுரம் இரண்டுக்கும் சேர்ந்துதான் போகிறது. கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அடுத்தடுத்து வெட்டு வந்தால் பேட்டரி நிறையவே நேரம் கிடைக்காது, பேட்டரியையே திருடிக்கொண்டு போவதும் இங்கே உண்டு. உயிரோடு இருக்கும் கோபுரத்தில் அக்கம்பக்கம் முழுக்க வந்து விழும், எல்டிஇ-யின் ஜிட்டர் எகிறும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் ஒரே சமயத்தில் நின்றன. இத்தகைய நேரத்தில் எவ்வளவு சாமர்த்தியமான விதியும் இரண்டு செத்த லைன்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் விதி எழுதுவதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இரண்டு ஃபைபர் வாங்கினால், இரண்டும் ஒரே குழியில் வருகின்றனவா? வேறு வேறு நிறுவனத்தின் பெயரில் பில் வந்தாலும் தரையடிக் கேபிள் ஒரே நிறுவனத்துடையதாக இருப்பது இங்கே சர்வசாதாரணம். கடையிலிருக்கும் பெட்டிக்கும் ஃபைபர் முனைக்கும் சின்னதாக ஒரு யுபிஎஸ் இருக்கிறதா? அந்த யுபிஎஸ் பல நேரங்களில் மூன்றாவது லைனைவிட அதிகம் பயன்படும்.

எழுதி முடித்தபின் சோதிக்காத விதி விதியே இல்லை. கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அது முழுச் சாவு, அதைப் பழைய ரவுட்டரே சமாளித்துவிடும். சோதிக்க வேண்டியது பாதிச் சாவு. ஃபைபருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பழைய லினக்ஸ் கணினியைப் பாலமாக வைத்து, நெட்எம் என்ற அதன் வசதியால் இணைப்பில் 5 சதவீத இழப்பைச் செயற்கையாக உண்டாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியபின் செய்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒருவர் கிளையிலிருந்து தலைமைக் கடைக்குப் போன் போட்டு எண்ணிக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் பெட்டியின் இணைப்பு அட்டவணையைப் பார்க்கட்டும். எத்தனையாவது எண்ணில் குரல் தடுக்கியது, எத்தனையாவதில் சரியானது, அட்டவணையில் அந்த அழைப்பு எந்த விதியின் எண்ணைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிளைப் பெட்டி எல்டிஇ சுரங்கத்துக்கு மாறியிருந்தும் போனில் ஒரு பக்கக் குரல் மட்டும் உடைந்துகொண்டே இருந்தால், தலைமைக் கடைப் பெட்டியின் அட்டவணையையும் திறந்து அதே அழைப்பைத் தேடுங்கள். போனது எல்டிஇ, திரும்பி வருவது இன்னும் பழுதான ஃபைபர் என்று இருக்கும். கிளையில் எழுதிய விதி கிளையிலிருந்து கிளம்புவதை மட்டுமே கட்டுப்படுத்தும். பதில் எந்த வழியில் வர வேண்டும் என்பதை மறுமுனைதான் முடிவு செய்யும். அங்கேயும் போன் எக்ஸ்சேஞ்சிலிருந்து 10.20.30.0-க்குப் போவதற்கு அதே எல்லை, அதே முன்னுரிமையுடன் ஒரு விதி எழுதிவிட்டு, சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.